பாம்பு தெரிந்தால் பயமில்லை

துப்பாக்கியைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவது நண்பர்கள் சிலருக்கு விநோதமாகப் படக்கூடும். நான் வேட்டைக்காரன் அல்லன். வாழ்நாளில் ஒருமுறைகூடச் சுட்டதில்லை. எழுத நினைப்பது துப்பாக்கியில் உள்ள ஒரு சிறிய உலோகக் குமிழைப் பற்றி மட்டுமே. ஜெர்மனியில் செய்யப்பட்ட பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பலவற்றில், கட்டையின் இடப்பக்கம், கட்டைவிரல் எட்டும் தூரத்தில் அது இருக்கும். ஆங்கிலத்தில் சேஃப்டி. நாமகிரிப்பேட்டையில் எங்கள் தோட்டத்து ஆட்கள் அதைப் ‘பூட்டு’ என்றார்கள்.

பூட்டு என்ற சொல் தமிழில் இரண்டு எதிர்த் திசைகளில் ஓடுகிறது. ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம். இங்கெல்லாம் அது ஒன்றைச் செயலுக்கு ஆயத்தமாக்குவது. கதவைப் பூட்டுகிறோம், பெட்டியைப் பூட்டுகிறோம். இங்கே அது செயலை நிறுத்துவது. தோட்டா போட்டு மூடி, ‘பூட்டு’ப் போட்ட துப்பாக்கி ஒரே நேரத்தில் இரண்டு பொருளிலும் பூட்டப்பட்டிருக்கிறது. வில்லுக்கு இந்தக் குழப்பம் இல்லை. எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் போதமலை, இன்னொரு பக்கம் கொல்லிமலை. அந்தக் கொல்லிமலையின் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்துச் சென்றதாக வன்பரணர் புறநானூற்றில் பாடுகிறார். அத்தகைய வில்லும் நாணை இறக்கிவிட்டால் வெறும் கழிதான். அதன் வலிமை எங்கேயும் ஒளிந்திருப்பதில்லை. துப்பாக்கி அப்படிப்பட்ட பொருள் அல்ல என்பதை நான் அறிந்துகொண்ட விதத்தைச் சொல்லவே இக்கட்டுரை.

*

எங்கள் அப்பாரு (தந்தைவழித் தாத்தாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) அந்தத் துப்பாக்கியை 1947-இல் வாங்கினார். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஆங்கிலேயர் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. ஜெர்மனியின் தூரிங்கியா மலைப்பகுதியில் ஸூல் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. பல நூற்றாண்டுகளாகத் துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன ஊர். பெரிய நிறுவனங்களோடு, வீட்டிலேயே பட்டறை வைத்துக் குழலையோ கட்டையையோ விசைப்பொறியையோ மட்டும் செய்துதரும் கைவினைஞர்களும் நிறைந்திருந்த இடம். எங்கள் வீட்டுத் துப்பாக்கி அங்கிருந்து வந்தது. குழல்களைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தால் 3.29 என்று பொறித்திருக்கும். 1929 மார்ச்சில் அரசுச் சோதனைச் சாலையில் தேர்ச்சி பெற்றது என்று அதற்குப் பொருள்.

ஜெர்மனியில் 1891-இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றினார்கள். விற்பனைக்கு வரும் ஒவ்வொரு துப்பாக்கியையும், வழக்கத்தைவிட அதிக மருந்து இட்டுச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கினால் முத்திரையிட வேண்டும். எங்கள் துப்பாக்கியின் அடியில் சிறு கிரீடங்கள், அவற்றின் கீழ் எழுத்துகள். கிரீடமும் எஸ் என்ற எழுத்தும் இருந்தால் அது ரவைக்குழல். ‘ஷ்ரோட்’ என்ற ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. இதே எழுத்து துப்பாக்கியில் இன்னோர் இடத்திலும் இருந்தது. இடப்பக்கக் குமிழைத் தள்ளினால், அது மறைத்துக்கொண்டிருந்த இடத்தில் தங்கப்பூச்சில் ஓர் எஸ் வெளிப்படும். இது ‘ஸிகெர்’, அதாவது பாதுகாப்பு. ஓர் எஸ் அரசு சுட்டுப் பார்த்து அளித்த சான்று. மற்றொன்று செய்தவர் அளித்த வாக்குறுதி. அரசின் சோதனை குழலின் வலிமையைப் பார்த்தது. விசைப்பொறிக்குள் உள்ள கொக்கிகள் ஐம்பது வருடம் கழித்து எப்படி இருக்கும் என்பதை அது பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது.

16 போர் துப்பாக்கி அது. குழலின் விட்டத்துக்குச் சரியான ஈயக்குண்டுகள் பதினாறு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பது அந்த எண்ணின் கணக்கு. 12 போரைவிட இலேசானது, மெலிந்தது. அப்பாருவுக்கு அதில் பெருமை. அதைவிடப் பெரிய பெருமை அதன் விசையில். இரட்டைக்குழலில் இரண்டு விசைகள் இருக்கும். முன் விசை வலது குழலுக்கு, பின் விசை இடது குழலுக்கு. பொதுவாகப் பின் விசை சற்றுக் கனமாக இருக்கும். அப்பாரு 1950-களில் யாரோ ஒரு கைதேர்ந்த ஆளிடம் கொடுத்து அதை இலேசாக்கி வாங்கினார். “அப்பாரு துப்பாக்கியில ரெண்டு விசையும் பூ மாதிரி, தொட்டாப் போதும்” என்று என் அப்பாவும் சித்தப்பாவும் சொல்லிச் சொல்லி நான் வளர்ந்தேன்.

*

1961 மாசி மாதம். குச்சிக்கிழங்குக் காட்டில் பன்றிகள் இறங்கிக் கிழங்கைத் தோண்டிப் போட்டிருந்தன. அப்பாருவும் அவருடைய தம்பியும் இரவு காவலுக்குப் போனார்கள். தம்பிக்கு அப்போது 28 வயது, மணமாகி மூன்றாண்டு. கூடவே போதமலையிலிருந்து வந்து தோட்டத்தில் வேலைபார்த்த ஒருவரும் போனார். துப்பாக்கியைத் தூக்கி வருவது, துடைப்பது, எண்ணெய் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. மலைக்காரர் என்று சொல்கிறேன்.

பன்றி வரவில்லை. விடியும் முன் மாட்டு வண்டியில் திரும்பினார்கள். வழியில் எதுவும் குறுக்கிடலாம் என்று துப்பாக்கியில் தோட்டா இருந்தபடியே இருந்தது. மலைக்காரர் பூட்டைத் தள்ளி, துப்பாக்கியை வண்டியின் முளைக்குச்சியில் சாய்த்து வைத்தார். ஓடைக்கரையில் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. துப்பாக்கி சரிந்து, கட்டையின் அடி வண்டிப்பலகையில் மோதியது. இடது குழல் வெடித்தது. சின்ன அப்பாருவின் தொடையில் பாய்ந்தது. சேலத்துக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

போலீஸ் வந்து விசாரித்து விபத்து என்று எழுதி முடித்தார்கள். வழக்கு எதுவும் இல்லை. ஆனால் வீட்டுக்குள் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டது. மலைக்காரர் பூட்டுப் போட மறந்துவிட்டார். அவ்வளவுதான். இதை யாரும் கோபமாகச் சொன்னதாக நினைவில்லை. “பாவம், மறந்துட்டான்” என்று இரக்கத்தோடுதான் சொன்னார்கள். அவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “பூட்டுப் போட்டுத்தானுங்க வெச்சேன். பாம்பு தெரிஞ்சுதுங்க” என்று வாசலில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். எழுதப் படிக்கத் தெரியாதவர். எஸ் என்ற எழுத்து அவருக்கு நெளிந்த பாம்பு. அப்பாருதான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்: பாம்பு தெரிந்தால் பயமில்லை, பாம்பு மறைந்தால் பயம். அடுத்த வாரம் அவர் மலைக்குப் போய்விட்டார். பிறகு தோட்டத்துக்கு வரவே இல்லை. குற்றம் உறுத்தியதால் வரவில்லை என்பது எங்கள் வீட்டின் விளக்கம்.

அப்பாரு அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவில்லை. விற்கவும் இல்லை. 1978-இல் அவர் காலமானபின் உரிமம் என் அப்பா பெயருக்கு மாறியது. அப்பாவும் சுட்டதில்லை. வருடத்துக்கு இரண்டு முறை துடைத்து எண்ணெய் போடுவார். ஒவ்வொரு தேர்தலுக்கும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ரசீது வாங்கி, முடிவு வந்தபின் திரும்ப எடுத்து வருவார். அந்த உறைக்குள் இருந்தபடியே அது பத்துக்கு மேற்பட்ட தேர்தல்களைப் பார்த்துவிட்டது.

*

சேஃப்டி என்ற ஒன்று துப்பாக்கிக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

துப்பாக்கியில் அடிக்கும் பாகத்துக்குத் தமிழில் குதிரை என்று பெயர். பழைய துப்பாக்கிகளில் குதிரை வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி இருந்தது. பின்னால் இழுத்து நிறுத்தியிருந்தால் துப்பாக்கி தயார். இறங்கியிருந்தால் தயாரில்லை. இருட்டிலும் கட்டைவிரலால் தடவித் தெரிந்துகொள்ளலாம். 1875-இல் பர்மிங்காமில் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் இருந்த ஆன்சன், டீலி என்ற இருவர் ஒரு புதிய பொறியைக் கண்டுபிடித்தனர். குதிரைகள் உள்ளே போய்விட்டன. குழலை மடக்கித் திறந்தாலே உள்ளிருக்கும் குதிரைகள் தாமாக இழுபட்டு நின்றுவிடும். எளிமையான, உறுதியான அமைப்பு. ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஸூல் கைவினைஞர்களும் அதை எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். தோட்டா போட்டு மூடிய கணத்திலிருந்து துப்பாக்கி எப்போதும் தயார்நிலையில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கண்ணிலிருந்து குதிரையை மறைத்ததால்தான் கண்ணுக்குத் தெரியும் ஓர் எழுத்து தேவைப்பட்டது.

ஜெர்மானியர்கள் இந்தக் குறையை உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இரண்டு சான்றுகள். ஒன்று, அவர்களது துப்பாக்கிகள் பலவற்றில் மேற்புறம் இரண்டு சிறு ஊசிகள் இருக்கும். உள்ளே குதிரை இழுபட்டு நிற்கும்போது ஊசி மேலே துருத்திக்கொண்டு நிற்கும். குதிரை விழுந்தால் ஊசியும் உள்ளே இறங்கிவிடும். இருட்டில் விரலால் தடவினால் போதும். மறைத்த குதிரையின் காதை மட்டும் வெளியே விட்டதுபோல. மற்றொன்று, பாதுகாப்பை எந்த இடத்தில் வைப்பது என்பதை அவர்கள் பெயர் வைத்துப் பிரித்திருந்தார்கள். விசையை மட்டும் தடுப்பது ஒரு வகை. விசைக்கும் குதிரைக்கும் நடுவே உள்ள கொக்கியைத் தடுப்பது இரண்டாவது வகை. குதிரையையே தடுப்பது மூன்றாவது வகை. இவை தவிர, விலையுயர்ந்த துப்பாக்கிகளில் இன்னொரு கொக்கியும் உண்டு. முதல் கொக்கி அதிர்ச்சியில் நழுவினால், விழும் குதிரையைப் பாதி வழியில் பிடித்துக்கொள்ளும். ‘ஃபாங்ஷ்டாங்கெ’ என்று பெயர். பிடிக்கும் தண்டு என்று பொருள்.

மூன்றிலும் எழுத்து ஒன்றுதான். வெளியே அதே எஸ். உள்ளே அது எதைப் பிடித்திருக்கிறது என்பதை எழுத்து சொல்வதில்லை.

*

அப்பா 2009-இல் காலமானார். சித்தப்பாவுக்குத் துப்பாக்கி வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று ஆசை. வாரிசு என்ற முறையில் உரிமத்தை என் பெயருக்கு மாற்றச் சொன்னார். துப்பாக்கி சேலத்தில் உரிமம் பெற்ற ஒரு கடையில் ஒப்படைக்கப்பட்டிருந்தது. முடிவெடுக்கும் முன் அது என்ன நிலையில் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் எனப் போனேன். 2010 ஜனவரி. பழுதுபார்ப்பவர் எழுபதைக் கடந்தவர். தந்தையிடமிருந்து தொழில் கற்றவர். மேசையில் வைத்து, குழலைக் கழற்றி, அடித்தகடைத் திருகாணி நீக்கி எடுத்தார். பிறகு ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்.

“இது குதிரை. இது கொக்கி. கொக்கியோட மூக்கு குதிரையில இருக்கிற இந்தப் பல்லுல உக்காந்திருக்கு பாருங்க. அவ்வளவுதான் விஷயம்.”

அந்தப் பல்லின் ஆழம் நகக்கண் அளவுகூட இல்லை. நல்ல வலுவான வில்லொன்றை அது தடுத்து நிறுத்திக்கொண்டிருந்தது.

“இதுல பூட்டு எங்கங்க பிடிக்குது?”

அவர் இடப்பக்கக் குமிழைத் தள்ளினார். எஸ் வெளிப்பட்டது. கட்டைக்குள் குறுக்கே ஓடும் ஒரு தண்டு திரும்பி, விசைகளின் வாலுக்கு மேலே போய் நின்றது. விசையை இழுத்துக் காட்டினார். அசையவில்லை. கொக்கியையும் குதிரையையும் அது தொடவே இல்லை.

“விசையைத்தான் பிடிக்குது தம்பி. குதிரைக்காரன் கையைக் கட்டியிருக்கு. குதிரையைக் கட்டல.”

நான் 1961-ஐப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பதில் சொல்லாமல் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி, டம்மித் தோட்டா இரண்டைப் போட்டு மூடினார். மேற்புறம் இரண்டு ஊசிகளும் எழுந்து நின்றன. குமிழைத் தள்ளினார். எஸ் தெரிந்தது. ஒரு பலகைமேல் ரப்பர் விரிப்பைப் போட்டு, துப்பாக்கியை நேராகப் பிடித்து, கட்டையின் அடியை ஒரு சாண் உயரத்திலிருந்து தட்டினார். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார். ஒன்றுமில்லை. மூன்றாவது முறை உள்ளே ‘டக்’ என்றது. இடது ஊசி இறங்கியிருந்தது. விசையை யாரும் தொடவில்லை. பூட்டு போட்டபடியே இருந்தது. எஸ் பளபளத்துக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு முறை செய்தார். நான்கு முறை இடது குதிரை விழுந்தது. வலது ஒருமுறைகூட விழவில்லை.

மறுபடி திறந்து, பூதக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து இடது கொக்கியின் மூக்கைப் பார்க்கச் சொன்னார். வலது மூக்கு கண்ணாடிபோல் வழவழப்பாக, முனை கூர்மையாக இருந்தது. இடது மூக்கில் சாய்வான கீறல்கள். “அரம் போட்டிருக்காங்க. விசை லேசாகறதுக்கு. ஜெர்மன்காரன் வேலை இல்ல இது, இங்க யாரோ செஞ்சது.” பின் விசையை ஏன் கனமாக வைக்கிறார்கள் என்பதையும் அவரே விளக்கினார். வலது குழலைச் சுடும்போது ஏற்படும் உதையில் இடது கொக்கி நழுவிவிடக்கூடாது. அதற்காக இடது கொக்கி பல்லில் இன்னும் அழுத்தமாக உட்கார வேண்டும். கனமாக இருப்பது குறை இல்லை, அதுவே ஒரு பாதுகாப்பு. எழுத்தில்லாத, பாம்பில்லாத பாதுகாப்பு. அதைத்தான் அப்பாரு இழைத்து எடுக்கச் சொல்லியிருக்கிறார். பூ மாதிரி விசை என்று எங்கள் வீடு அரை நூற்றாண்டாகக் கொண்டாடியது அந்த அரத்தின் கீறலை.

“அன்னைக்கும் இப்படித்தான் விழுந்துச்சான்னு என்னால சத்தியம் பண்ண முடியாதுங்க. ஆனா அதுக்கப்புறம் இதை யாரும் சுடலைன்னு சொல்றீங்க. சுடாத துப்பாக்கி தேயாது” என்றார் அவர்.

கிளம்பும்போது ஒன்றைக் கேட்டேன். வெடித்த அதிர்ச்சியில் பூட்டு தானாக விலகியிருக்குமா? சில துப்பாக்கிகளில் திறந்து மூடினால் பூட்டு தானாக விழும் அமைப்பு உண்டு, இதில் அது இல்லை என்றார். இந்தக் குமிழ் இறுக்கமானது. கையால் தள்ளினாலன்றி நகராது. வெடித்த பிறகும் எழுத்து தெரிந்தபடியேதான் இருந்திருக்கும்.

பேருந்தில் திரும்பும்போது இந்த வாக்கியம்தான் என்னை விடவில்லை. துப்பாக்கி வெடித்ததும் அதைக் கையில் எடுத்து, மடக்கித் திறந்து, வலது குழலில் மிச்சமிருந்த தோட்டாவை உருவிப் போட்டவர் அப்பாருதான். இதை அவரே என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். இடப்பக்கம் தங்கப்பூச்சில் பாம்பு தெரிந்ததா இல்லையா என்பதை அறிந்தவர் அவர் ஒருவர்தான். விடியும் முன் அரையிருட்டு. தம்பி இரத்தத்தில் கிடக்கிறார். பார்த்திராமலும் இருக்கலாம். ஆனால் அதற்குப் பின் பதினேழு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். மலைக்காரர் மறந்துவிட்டார் என்று அவர் ஒருமுறையும் சொன்னதில்லை என்பார் அப்பா. மறக்கவில்லை என்றும் அவர் சொன்னதில்லை.

*

ஜெர்மனியில் வேட்டைக்காரர்களுக்கான விபத்துத் தடுப்பு விதிகள் உண்டு. அவற்றில் ஒன்று வாகனத்தைப் பற்றியது. வாகனத்தில் ஏறும்போதும் போகும்போதும் துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. மரத்தில் கட்டிய பரணில் ஏறும்போதும் இறங்கும்போதும் அப்படியே. சேஃப்டியைப் போட்டுக்கொண்டு ஏறு என்று விதி சொல்லவில்லை. அந்த எழுத்தைப் பொறித்த நாடே அந்த எழுத்தை அந்த அளவுக்குத்தான் நம்பியது. பிற்காலத்தில் அங்கே இன்னொரு வகைப் பொறியும் பரவியது. அதில் தோட்டா உள்ளே இருந்தாலும் வில் இழுபடாமல் தளர்ந்தே இருக்கும். சுடப்போகும் கணத்தில் கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்தித் தள்ளினால்தான் வில் இழுபடும். நாண் இறக்கிய வில்லின் தர்க்கத்துக்கு அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

2011-இல் ஒரு நாள் போதமலை ஏறினேன். அப்போது மேலே போகச் சாலை கிடையாது. அடிவாரத்திலிருந்து நடைதான். மலைக்காரர் பல வருடங்களுக்கு முன்பே இறந்துவிட்டிருந்தார். அவருடைய மகன் இருந்தார், அறுபதைத் தொட்ட வயது. திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். நான் சேலத்தில் கண்டதை முழுக்கச் சொன்னேன். கொக்கி, பல், ஊசி, அரம் எல்லாவற்றையும். குறுக்கே பேசாமல் கேட்டார்.

பிறகு அவர் தன் தந்தை வைத்திருந்த மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியைப் பற்றிச் சொன்னார். முன்பு உரிமத்தோடு இருந்து, பிறகு அரசிடமே ஒப்படைத்துவிட்டார்களாம். அதில் பூட்டு எதுவும் கிடையாது. குதிரை வெளியே நிற்கும். “ஊட்டுக்குத் திரும்பறப்ப கேப்பைக் கழட்டி மடியில முடிஞ்சுக்குவாருங்க. கேப்பு இல்லாட்டி அது வெறும் கம்பிதானுங்களே. எங்களுக்கும் அதையேதான் சொல்லிக் குடுத்தாரு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “உங்க துப்பாக்கியிலயும் தோட்டாவை எடுத்துரலாமுங்களான்னு அன்னைக்கு வண்டியில ஏறும்போதே கேட்டாராமுங்க. வேண்டாம், பூட்டுப் போட்டா போதும்னுட்டாங்களாம்” என்றார்.

யார் வேண்டாம் என்றது என்று நான் கேட்கவில்லை. வண்டியில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இருவர்தான். ஒருவர் அன்றே இறந்துபோனார்.

சேஃப்டி என்பது உயிரைக் காக்கச் செய்யப்பட்டது. எங்கள் வீட்டில் அது வேறொரு வேலையையும் செய்தது. தோட்டாவை எடுக்க வேண்டாம் என்று முடிவெடுத்தவர் ஒருவர், விசையை இழைக்கச் சொன்னவரும் வீட்டார்தான். ஆனால் கடைசியாகக் குமிழைத் தள்ளிய கை இன்னொருவருடையது. பூட்டு என்று ஒன்று இருந்ததால், நடந்த எல்லாவற்றையும் அந்தக் கடைசிக் கையின் மேல் ஏற்றிவைக்க முடிந்தது. பூட்டே இல்லாத நாட்டுத் துப்பாக்கியாக இருந்திருந்தால், தோட்டாவோடு ஏன் வண்டியில் வைத்தீர்கள் என்ற கேள்விதான் முதலில் எழுந்திருக்கும்.

புறப்படும்போது மகன் என்னுடன் ஊர் எல்லைவரை நடந்து வந்தார். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. “எங்கப்பா சாகற வரைக்கும் இதையேதானுங்க சொல்லிட்டிருந்தாரு. எங்களுக்கு இது புதுசு இல்லீங்க. இதை நீங்க கீழ சொல்லுங்க” என்றார்.

துப்பாக்கியை நான் என் பெயருக்கு மாற்றிக்கொள்ளவில்லை. உரிய முறையில் அந்தக் கடைக்கே கொடுத்துவிட்டேன். இடது கொக்கி இழைக்கப்பட்டது என்பதைக் கடைக்காரர் தன் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். சித்தப்பாவுக்கு வருத்தம்தான். மலையிலிருந்து இறங்கிய அன்று மாலையே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். நெடுநேரம் பேசாமல் மஞ்சள் காயும் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவனுக்குக் கூலிப் பாக்கி இருந்துச்சு. வாங்கிக்காமயே போயிட்டான்” என்றார். எவ்வளவு என்று கேட்டேன். அது யாருக்கும் நினைவில்லை.